45 சதவீதம் காம்போசிட்னா ரேடார்ல பாதிதானே தெரியணும்? தேஜஸை வெச்சு ஒரு சண்டை

அரைகுறைஆர்வலர்:

வணக்கம் மக்களே. நேத்து ராத்திரி எனக்கும் என் மச்சானுக்கும் பெரிய வாக்குவாதம். ரெண்டு பேருமே ஏரோநாட்டிக்ஸ் படிச்சவங்க இல்ல, யூட்யூப் பட்டதாரிங்கதான், அதனால விஷயம் தெரிஞ்சவங்க யாராவது பஞ்சாயத்து பண்ணி விடுங்க.

மச்சான் சொல்றது இதுதான். நம்ம ஊர் ஃபைட்டர் விமானம் தேஜஸ்ல எடைக்கணக்குல சுமார் 45 சதவீதம் காம்போசிட் (நாரை ரெசின்ன்ற பசையில ஊற வெச்சு செஞ்ச பொருள்), வெளித்தோலை மட்டும் எடுத்துக்கிட்டா 90 சதவீதத்துக்கு மேல. ரேடார் அலை உலோகத்துல பட்டாத்தான் திரும்பும், கார்பன் ஃபைபர் உலோகமே இல்ல, அதனால தேஜஸ் கிட்டத்தட்ட ஸ்டெல்த், அதாவது ரேடார்ல லேசுல சிக்காத விமானம்தான், நாமதான் வெளிய சொல்லிக்கல அப்படின்றான். நான் சொன்னேன், அப்படிப் பாத்தா எஃப்-22ல எடையில கால்வாசிதான் காம்போசிட், அது எப்படிடா ஸ்டெல்த் ஆச்சுன்னு. அதுக்கு அவன் "அது பெயிண்ட்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டு சாப்பிடப் போயிட்டான்.

என் சந்தேகம் என்னன்னா, கார்பன் ஃபைபர் நிஜமாவே ரேடாருக்கு கண்ணாடி மாதிரி ஊடுருவிப் போற பொருளா? இல்லைனா எதுக்கு இவ்ளோ காம்போசிட் போடுறாங்க? இந்த மாதிரி சின்ன ஃபைட்டர் விமானத்துல ரேடாருக்கு எதுதான் பளிச்னு தெரியும்? மச்சானும் இதைப் படிப்பான், கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

---

சூப்பர்சானிக்சுப்பு:

உங்க மச்சான் சொல்றது சரிதான் ப்ரோ. பிளாஸ்டிக் டப்பா வழியா வைஃபை வருதுல்ல, அலுமினிய டப்பாக்குள்ள போட்டு மூடினா வராதுல்ல, அதே கதைதான். காம்போசிட்னா பிளாஸ்டிக்தானே, ரெசின்தானே. ரேடார் அலை பாட்டுக்கு உள்ள பூந்து அந்தப் பக்கம் போயிரும். என்ஜின் மட்டும்தான் தெரியும், அது எல்லா விமானத்துலயும் இருக்கிறதுதான்.

---

தெர்மல்தேடி:

சுப்பு அண்ணே, இதே நம்பிக்கையில ஒரு கிளைடரைத் தரையில சொருகினவன் நான், அதனால கொஞ்சம் உரிமையோட மறுக்கிறேன்.

ஆர்சி கிளைடர், அதாவது ரிமோட்ல ஓட்டுற என்ஜின் இல்லாத குட்டி விமானம் விடுறது என் பொழுதுபோக்கு. முதல் தடவையா முழு கார்பன் உடம்பு கிளைடர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், பாக்க அவ்ளோ அழகு, கறுப்பா பளபளன்னு. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரை மூக்குக்குள்ள வெச்சு, ஆன்டெனா வயரையும் அழகா உள்ளயே மடிச்சு டேப் போட்டு ஒட்டினேன், வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா அசிங்கமா இருக்குமேன்னு. தரையில முப்பது அடி தள்ளி நின்னு செக் பண்ணேன், சர்வோ எல்லாம் ஆடுச்சு. மேல விட்டேன், தெர்மல் (மேல ஏறுற சூடான காத்து) கிடைச்சுது, ஒரு இருநூறு மீட்டர் போயிருக்கும், என் பக்கம் மூக்கைத் திருப்பின உடனே கன்ட்ரோல் போச்சு. ஃபெயில்சேஃப்ல போயி அப்படியே சுத்திச் சுத்தி இறங்கி சத்தம் மட்டும் கேட்டுது. பொறுக்கி எடுத்துட்டு வந்து பாத்தா பேட்டரி நல்லா இருக்கு, ரிசீவர் நல்லா இருக்கு, சர்வோ நல்லா இருக்கு. நான்தான் ரிசீவரை ஒரு கறுப்பு இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி அனுப்பியிருக்கேன்.

கூட பறக்கவிடுற ஒரு பெரியவர்தான் அப்புறம் காட்டினார். உடைஞ்ச துண்டோட ஓரத்தை உப்புத்தாள் வெச்சு நல்லா தேய்ச்சு, மேல இருக்கிற ரெசினை எடுத்துட்டு மல்டிமீட்டரோட ரெண்டு முனையையும் வெச்சார், பீப்னு கத்துச்சு. அவ்ளோதான் எனக்கு புரிஞ்சுது. இந்த விஷயம் தெரிஞ்ச கம்பெனிக்காரங்க மூக்குப் பகுதியை மட்டும் கண்ணாடி நார்லயோ கெவ்லார்லயோ பண்ணித்தான் விக்கிறாங்க. முழு கார்பன்னா ஆன்டெனாவோட கடைசி மூணு சென்டிமீட்டரை ஓட்டை போட்டு வெளிய விடணும், அசிங்கமா இருந்தாலும்.

ரெசின் பிளாஸ்டிக்தான், ஒத்துக்கிறேன். ஆனா உள்ள இருக்கிற நார் பிளாஸ்டிக் இல்ல, கிராஃபைட்டோட சொந்தக்காரன். பென்சில் முனையில கரண்ட் போகும்ல, அது மாதிரி.

---

அலைவரிசை:

தெர்மல்தேடி சொன்ன கிளைடர் கதையே பாதி பதில். மீதிப் பாதியை நான் கணக்குல சொல்றேன், ஆன்டெனாவோட மாரடிக்கிறதுதான் எனக்கு பொழப்பு.

முதல்ல ஒண்ணைத் தெளிவு பண்ணிக்குவோம், ரேடாருக்கு உலோகம்னு தனியா ஒரு பாசம் எல்லாம் கிடையாது. காக்காவுல உலோகமா இருக்கு? பறவைக் கூட்டம் ரேடார்ல ஜம்முனு தெரியும். மழைத்துளி தெரியலைன்னா வானிலை ரேடார் எதுக்கு? அலை போற வழியில பொருளோட மின் குணம் சட்டுனு மாறுற இடத்துல எல்லாம் கொஞ்சம் திரும்பும். கரண்டை நல்லா கடத்துற பொருளா இருந்தா கிட்டத்தட்ட முழுசா திரும்பும்.

அலுமினியத்தோட ஒப்பிட்டா கார்பன் காம்போசிட் ரொம்ப மோசமான கடத்திதான், ஆயிரம் மடங்குக்கு மேல மோசம். கேட்டா பெரிய வித்தியாசமாத் தெரியும். ஆனா 10 கிகாஹெர்ட்ஸ்ல, அதாவது ஃபைட்டர் ரேடார் எல்லாம் வேலை செய்யுற எக்ஸ் பேண்ட்ல, நார் போற திசையில மீட்டருக்கு 10,000 சீமென்ஸ்னு கடத்துத்திறன் வெச்சு போட்டுப் பாருங்க. அலை அந்தப் பொருளுக்குள்ள நுழையுற ஆழம் வெறும் 0.05 மில்லிமீட்டர். ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணியே 0.125 மில்லி தடிமன் இருக்கும், விமானத் தோலோ பல அடுக்கு. அப்போ எவ்ளோ உறிஞ்சும்? சுமார் 2 சதவீதம். மீதி 98 திரும்பிப் போயிடுது.

இந்த 2 சதவீதம் குறைஞ்சதுனால என்ன லாபம்னு கேளுங்க. ரேடார் எவ்ளோ தூரத்துல பிடிக்கும்ன்றது ஆர்சிஎஸ்ஸோட (ரேடாருக்கு ஒரு பொருள் எவ்ளோ பெருசாத் தெரியுதுன்ற அளவு) நாலாம் படி மூலத்தைப் பொறுத்தது. அதாவது தூரத்தைப் பாதியாக்கணும்னா ஆர்சிஎஸ்ஸை 16ல ஒரு பங்கா குறைக்கணும். 2 சதவீதம் குறைச்சா? 100 கிலோமீட்டர்ல பிடிக்கிற ரேடார் 99.5 கிலோமீட்டர்ல பிடிக்கும். மச்சானுக்கு இதை பிரிண்ட் எடுத்துக் குடுங்க.

(நாரெல்லாம் ஒரே திசையில இருந்தா, குறுக்கால வர்ற அலைக்கு கதை கொஞ்சம் மாறும்தான். ஆனா விமானத் தோலை யாரும் ஒரே திசையில மட்டும் அடுக்க மாட்டாங்க, 0, 45, மைனஸ் 45, 90 டிகிரின்னு மாத்தி மாத்திதான் அடுக்குவாங்க, ஏதாவது ஒரு அடுக்கு அலையைப் பிடிச்சு திருப்பி விட்டுரும்.)

இப்போ வடிவம் என்ன பண்ணும்னு பாருங்க. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர், உள்ளங்கை அளவு தட்டையான அலுமினியத் தகடு ஒண்ணு. ரேடாருக்கு நேரா நிமிர்ந்து நின்னா 10 கிகாஹெர்ட்ஸ்ல அதோட ஆர்சிஎஸ் 1.4 சதுர மீட்டர். ஆமா, தகடோட பரப்பைப் போல 140 மடங்கு! அதே தகடை கார்பன்ல செஞ்சா 1.37. அதே அலுமினியத்தை 30 டிகிரி சாய்ச்சு வெச்சா 0.007 கிட்ட. பொருளை மாத்தினதுக்கு 2 சதவீதம், சும்மா சாய்ச்சதுக்கு 200ல ஒரு பங்கு. 100 கிலோமீட்டர் இப்போ 27 ஆயிடும். ஸ்டெல்த் வேலை பாக்குறவங்க மத்தியில ஒரு பழைய பேச்சு உண்டு, முதல் முக்கியம் வடிவம், ரெண்டாவது வடிவம், மூணாவதும் வடிவம், அதுக்கப்புறம்தான் பொருள்னு. சும்மா சொல்லல.

1981ல பறந்த எஃப்-117 பெரும்பாலும் அலுமினிய உடம்புதான். முகம் முகமா வெட்டின வைரக்கல் மாதிரி வடிவம், மேல உறிஞ்சுற பூச்சு. இந்தப் பக்கம் போயிங் 787 எடையில பாதி காம்போசிட், தேஜஸைவிட அதிகம். அதை யாராவது ஸ்டெல்த்னு சொல்றாங்களா?

---

சூப்பர்சானிக்சுப்பு:

787 உதாரணம் செல்லாது சார், அது ட்ரான்ஸ்பாண்டர்னு பதில் சிக்னல் அனுப்புற கருவியைப் போட்டுக்கிட்டு "நான் இங்க இருக்கேன்"னு கத்திக்கிட்டே போகுது, ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) அதைத்தான் பாக்குது. அப்புறம் கண்ணாடி நார் விமானம் பத்தி என்ன சொல்றீங்க? விண்டெக்கர் ஈகிள்னு ஒரு அமெரிக்க சின்ன விமானம், 1969லயே முழுக்க கண்ணாடி நார்ல பண்ணி சான்றிதழ் வாங்கினது, அதுல ஒண்ணை அமெரிக்க ஏர்ஃபோர்ஸ் வாங்கி ரேடார்ல எப்படித் தெரியுதுன்னு டெஸ்ட்டே பண்ணாங்க. ஒண்ணுமே இல்லைன்னா எதுக்கு வாங்குவாங்க? கார்பன்ல நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கிறேன், ஆனா காம்போசிட்னா கார்பன் மட்டும் இல்லையே.

---

அலைவரிசை:

ட்ரான்ஸ்பாண்டர் பாயிண்ட் நியாயமானது, ஏடிசியில தினமும் நடக்கிறது அதுதான். ஆனா அதை ஆஃப் பண்ணினாலும், எதிரொலியை மட்டும் வெச்சுப் பாக்குற பிரைமரி ரேடார்ல 787 கொழுக்கட்டை மாதிரி தெரியும். ஆக உதாரணம் சாகல, கொஞ்சம் நொண்டுது, அவ்ளோதான்.

கண்ணாடி நார் பத்தி சொன்னது ரொம்ப நல்ல கேள்வி. ஆமா, கண்ணாடி நார், குவார்ட்ஸ் நார், கெவ்லார் இதெல்லாம் கரண்டைக் கடத்தாது, அலை பெரும்பாலும் ஊடுருவிப் போகும். அப்போ முழு விமானத்தையும் அதுல செஞ்சா என்ன ஆகும்னு யோசிங்க. வெளித்தோல் ரேடாருக்கு இல்லாத மாதிரி ஆயிடும். அப்போ ரேடார் பாக்குறது என்ன? என்ஜின், லேண்டிங் கியர், பம்பு, குழாய், வயர் கட்டு, எலக்ட்ரானிக்ஸ் பெட்டிங்க, ஸ்பார் (இறக்கைக்குள்ள ஓடுற முதுகெலும்பு), பிராக்கெட், சீட்டு, சீட்டுல உக்காந்திருக்கிற ஆளு. எல்லாமே மூலை முடுக்கா, 90 டிகிரி சந்திப்பா இருக்கும். ரெண்டு தகடு செங்குத்தா சேர்ற மூலை இருக்கே, அது பல திசையில இருந்து வர்ற அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். சட்டையைக் கழட்டினா உள்ள இருக்கிற எலும்பெல்லாம் தெரியுற கதை.

அதனாலதான் ஃபைட்டர் விமானத்துல பல இடத்துல உல்டாவா பண்றாங்க. எஃப்-16 கனோப்பி, அதாவது பைலட் தலைக்கு மேல இருக்கிற மூடி, சில விமானத்துல தங்க நிறத்துல மினுக்கும் பாத்திருப்பீங்க, அது உள்ள இருந்து வெளிய பாக்க முடியுற அளவுக்கு மெல்லிசா போட்ட கடத்தும் பூச்சு. பாலிகார்பனேட் ரேடாருக்கு ஊடுருவும், உள்ள காக்பிட் ஒரு குப்பைத்தொட்டி, ஹெல்மெட் முதல் சீட்டு வரைக்கும் எல்லாமே எதிரொலிக்கும். அதனால வேணும்னே கனோப்பியை ரேடாருக்கு முகம் பாக்குற கண்ணாடி மாதிரி ஆக்கி, அதோட வளைவுல அலையை வேற பக்கம் தெறிக்க விடுறாங்க. ஊடுருவ விடுறதைவிட, நாம சொல்ற திசையில தெறிக்க விடுறதுதான் லாபம். அந்த வகையில கார்பன் தோல் எதிரொலிக்கிறது ஒரு நல்ல விஷயம்னே சொல்லலாம்.

---

அரைகுறைஆர்வலர்:

மச்சான் படிச்சுட்டான். "98 சதவீதமா"ன்னு ரெண்டு தடவை கேட்டான், அப்புறம் "சரி, அப்போ எதுக்கு மெனக்கெட்டு கார்பன்? அலுமினியமே போதுமே"ன்னு கேக்குறான். எனக்கும் அதே கேள்விதான். ஸ்டெல்த்துக்கு உதவாதுன்னா ஏன் 90 சதவீத தோலும் அதுலயே பண்ணணும்?

---

ரெசின்கை:

இது நம்ம ஏரியா, காம்போசிட் ஷாப்ல இருக்கேன், எங்கன்னு கேக்காதீங்க, தேஜஸ் வேலை இல்ல, பொதுவா சொல்றேன்.

முதல் காரணம் எடை, ரெண்டாவது காரணமும் எடை. சின்ன ஃபைட்டர்ல ஒரே என்ஜின், தேஜஸ்ல எஃப்404. அது தள்ளுற அளவுக்குத்தான் எல்லாம். தோல்ல மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு கிலோவும் எரிபொருளாவோ ஏவுகணையாவோ மாறும். அப்புறம் ஃபடீக். அலுமினியம் இழுத்து விட்டு இழுத்து விட்டு ஒரு நாள் ஆணி ஓட்டையில இருந்து விரிசல் விடும், கார்பன் அந்த விஷயத்துல ரொம்ப தாங்கும். மூணாவது, எந்தத் திசையில விறைப்பு வேணுமோ அந்தத் திசையில நாரை அடுக்கலாம். 1984ல பறந்த எக்ஸ்-29க்கு இறக்கை முன்பக்கமா வளைஞ்சிருக்கும், உலோகத்துல அதைப் பண்ணா வேகத்துல இறக்கை முறுக்கிக்கிட்டு பிச்சுக்கும், கார்பனை தோதா அடுக்கித்தான் அதைப் பறக்க வெச்சாங்க.

கஷ்டமும் உண்டு. ப்ரீப்ரெக், அதாவது ரெசின் முன்னாடியே ஊறின கார்பன் துணியை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல வெக்கணும், வெளிய எடுத்தா உடனே பிரிக்கக் கூடாது, வேர்த்து ஈரம் ஏறிடும். சுத்தமான ரூம்ல ஒவ்வொரு அடுக்கா வெச்சு, கோணம் சரியான்னு பாத்து, வாக்குவம் பேக் போட்டு, ஆட்டோகிளேவ்ன்ற பெரிய பிரஷர் குக்கர் மாதிரி அடுப்புல 180 டிகிரியில ஏழு பார் அழுத்தத்துல வேக வெக்கணும். ஒரு துண்டு பேக்கிங் பேப்பர் உள்ள மாட்டிக்கிட்டா போச்சு, அல்ட்ராசானிக்ல பாக்கும்போது அது அப்படியே படம் மாதிரி தெரியும், அன்னிக்கு ஷாப்ல யார் மூஞ்சியிலயும் ஈயாடாது. அலுமினியமும் கார்பனும் நேரா ஒட்டினா அலுமினியம் அரிச்சுப் போகும், நடுவுல கண்ணாடி நார் ஒரு அடுக்கு குடுக்கணும், ஆணிக்கு டைட்டானியம் போடணும். மின்னல் விழுந்தா தாங்க வெளி அடுக்குல செம்பு வலை ஒட்டுவாங்க, 787ல கூட அதான். சுப்பு, கவனிங்க, கார்பன் பத்தாதுன்னு மேல செம்பு வலை வேற!

ரேடார் விஷயத்துக்கு வர்றேன். அலைவரிசை சார் சொன்னதுல தப்பு இல்ல, ஆனா அதோட நிறுத்தினா காம்போசிட்டுக்குக் கொஞ்சம் அநியாயம் பண்ற மாதிரி ஆயிடும். பொருளா அது உதவல, ஆனா அந்தப் பொருளை வெச்சு என்ன செய்ய முடியுதுன்றதுல உதவுது.

உலோக விமானத்தோட தோலைப் பக்கத்துல போயி தடவிப் பாருங்க. ஒவ்வொரு தகடும் முடியுற இடத்துல ஒரு இடுக்கு, ஒரு படி, வரிசையா ஆணித்தலை. நேரா வர்ற அலையை மெயின் தோல் வேற பக்கம் தெறிக்க விட்டாலும், தோல் மேல ஊர்ந்து போற அலை ஒவ்வொரு இடுக்குலயும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். பெரிய எதிரொலியை எல்லாம் வடிவத்தால அடக்கின பிறகு மிச்சம் இருக்கிறது இந்தச் சில்லறைங்கதான், ஸ்டெல்த் விமானத்துல அதுவே தலைவலி. காம்போசிட்ல இறக்கைத் தோலையும் உள்ள இருக்கிற ஸ்பாரையும் ஒண்ணாவே சேர்த்து வேக வெக்கலாம், கோ-க்யூரிங்னு சொல்வாங்க, தேஜஸோட சில பாகங்களுக்கு இதை நம்ம ஊர் நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரியில டெவலப் பண்ணாங்க. ஆணி குறையும், இடுக்கு குறையும், ரெண்டு பக்கமும் வளைஞ்ச தோலை ஒரே துண்டா அச்சுல எடுக்கலாம்.

அடுத்தது உறிஞ்சுற அமைப்பு. பூச்சுன்னா எடை, கார்போனைல் இரும்புத்தூள் கலந்த பெயிண்டு தூக்கிப் பாத்திருக்கீங்களா, டப்பா கையை இழுக்கும், சின்ன விமானத்துக்கு முழுக்க அடிச்சா மிச்சம் பிடிச்ச எடையெல்லாம் அங்கேயே போயிடும். அதுக்குப் பதிலா எப்படியும் இருக்கப்போற பாகத்தையே உறிஞ்ச வெக்கலாம். வெளிய கண்ணாடி நார் தோல், அலை உள்ள வரட்டும். நடுவுல தேன்கூடு, அந்தக் கூட்டோட சுவர்ல கார்பன் கலவை பூசியிருக்கும், வெளிப்பக்கம் லேசா, உள்ள போகப் போக அடர்த்தியா. அலை தான் எதுலயோ மோதினோம்னே தெரியாம உள்ள போயி சூடா மாறி செத்துப்போகும். கடைசியில ஒரு கார்பன் அடுக்கு, தப்பிச்சு வந்த அலையைத் திருப்பித் திரும்பவும் அதே கூட்டுக்குள்ள அனுப்ப. இறக்கையோட முன் ஓரத்துக்கு இது தோதான ஏற்பாடு. இதெல்லாம் அலுமினியத் தகடுல நடக்குற காரியமா?

ஆனா ஒண்ணு, இதை வேணும்னு திட்டம் போட்டுச் செய்யணும். 90 சதவீதம் கார்பன்ன்றதுனால தானா வந்துடாது.

---

வால்நுனி:

ரெசின்கை அண்ணே அருமை. ரேடோம், அதாவது ரேடாரை மூடியிருக்கிற மூக்குக் கூடு பத்தி நான் ஒண்ணு சேர்க்கிறேன், காம்போசிட்ல ஊடுருவுறது நிஜமாவே தேவைப்படுற இடம் அதுதான். நம்ம ரேடாரே அதுக்குள்ள இருந்துதானே பாக்கணும். தேஜஸ்ல முதல்ல கெவ்லார் ரேடோம்தான், அது ரேடாரோட ரேஞ்சைத் தின்னுடுச்சுன்னு பிரச்சினையாகி, அப்புறம் குவார்ட்ஸ் ரேடோம் மாத்தின பிறகு ரேஞ்ச் நல்லா கூடிச்சு. ரெண்டுமே காம்போசிட், ரெண்டுமே ஊடுருவுற வகை, ஆனாலும் அவ்ளோ வித்தியாசம். தடிமன் கூட சும்மா வெக்க முடியாது, 10 கிகாஹெர்ட்ஸ் அலை காத்துல 30 மில்லிமீட்டர்னா கண்ணாடி நார்க்குள்ள பாதியா சுருங்கிடும், அதுல பாதி அளவு, ஏழு மில்லி சொச்சம் தடிமன் வெச்சாத்தான் முன்பக்க எதிரொலியும் பின்பக்க எதிரொலியும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். மேல யாராவது கூட ரெண்டு கோட்டிங் பெயிண்ட் அடிச்சா, இல்ல தேன்கூட்டுக்குள்ள தண்ணி இறங்கிடுச்சுன்னா ரேடார்காரங்க கத்துவாங்க.

இதுல ஒரு சிக்கலும் இருக்கு. நம்ம அலை வெளிய போற கதவு வழியா எதிரியோட அலையும் உள்ள வரும். உள்ள என்ன இருக்கு? தட்டையான ஒரு ஆன்டெனா, நேரா எதிரியைப் பாத்துக்கிட்டு. அலைவரிசை சார் சொன்ன உள்ளங்கைத் தகடு ஞாபகம் இருக்கா, இது அதைப் போல பல மடங்கு. ஏசா ரேடார்னா (அலையை எலக்ட்ரானிக்ஸாலயே திருப்புற வகை) பொதுவா ஆன்டெனா அசையாது, அதனால அதைக் கொஞ்சம் மேல் பக்கமா சாய்ச்சு வெச்சுடலாம், எஃப்-35ல அப்படித்தான். பழைய மாதிரி இடம் வலம்னு ஆடுற ஆன்டெனாவுக்கு அந்த வசதி கிடையாது.

ஆர்வலர் கேட்டாரே சின்ன விமானத்துல எது பளிச்னு தெரியும்னு. முன்பக்கமா வர்ற ரேடாருக்கு, என் வரிசைப்படி, ஏர் இன்டேக் வழியா தெரியுற என்ஜின் முகப்பு முதல்ல. சுத்துற பிளேடு திருப்பி அனுப்புற அலையை வெச்சு எந்த என்ஜின்னே கண்டுபிடிக்க முடியும், அவ்ளோ தெளிவா கையெழுத்து போடும். தேஜஸ்ல ரெண்டு பக்கமும் இன்டேக் வெச்சு, வளைஞ்சு வந்து நடுவுல சேர்ற ஒய் மாதிரி குழாய், அதனால என்ஜின் முகப்பு நேரா தெரியாம மறையுது. சூப்பர் ஹார்னெட்ல குழாய்க்குள்ள ஒரு தடுப்பே வெச்சிருக்காங்க. எஃப்-16ல என்ஜினுக்கு முன்னாடி வாய் திறந்தே இருக்கு, பாவம். அப்புறம் ஆன்டெனா, காக்பிட், இறக்கை முன் ஓரம்.

எல்லாத்தையும் சரி பண்ணிட்டீங்கன்னு வெச்சுக்கோங்க, போருக்குக் கிளம்பும்போது என்ன பண்ணுவீங்க? இறக்கைக்குக் கீழ பைலான்ன்ற தாங்கி, அதுல ஏவுகணை, குண்டு, ட்ராப் டேங்க் (கழட்டி விடுற கூடுதல் எரிபொருள் டேங்க்), குண்டுக்கு லேசர்ல குறி காட்டுற பாட். ஒவ்வொரு பைலானும் இறக்கையோட சேர்ற இடம் ஒரு 90 டிகிரி மூலை, ஏவுகணைக்கு நாலு துடுப்பு, அதுல நாலு மூலை. தலையில எண்ணெய் தேய்ச்சுப் படிய வாரி, கழுத்துல சலங்கை கட்டி ஒளிஞ்சு விளையாடப் போற மாதிரி.

அப்போ எஃப்-35 மாதிரி வயித்துக்குள்ள வெக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. தூரத்துல அடிக்கிற ஏவுகணை ஒண்ணு மூணரை மீட்டருக்கு மேல நீளம். தேஜஸ் மொத்தமே 13.2 மீட்டர், அதுல மூக்கு, காக்பிட், ஒய் குழாய், என்ஜின், எரிபொருள் எல்லாம் போக ரெண்டு ஏவுகணைக்கு உள்ள இடம் எங்க? இடம் பண்ணணும்னா உடம்பு பெருக்கணும், உடம்பு பெருத்தா என்ஜின் பெருசாகணும். எஃப்-35ஏ காலி எடை 13 டன்னுக்கு மேல, தேஜஸ் ஆறரை டன் சொச்சம். உள்ள வெச்ச பிறகு அது லைட் ஃபைட்டரே இல்ல. கிரிப்பென், எஃப்-16 எல்லாருக்கும் இதே கஷ்டம்தான்.

---

அலைவரிசை:

வால்நுனி சொன்னதுல ஒரு சின்ன சேர்க்கை. எல்லாமே எக்ஸ் பேண்ட் கணக்கு. தரையில இருக்கிற, குறைஞ்ச அதிர்வெண்ல வேலை செய்யுற விஎச்எஃப் ரேடார்னா அலைநீளமே ரெண்டு மீட்டர் கிட்ட, அதுக்கு ஆணித்தலையும் தெரியாது இடுக்கும் தெரியாது, வால் முழுசும் ஒரு ஆன்டெனா மாதிரி ஒத்ததிர்ந்து திருப்பி அனுப்பும். சில மில்லிமீட்டர் தேன்கூடு அந்த அலைக்கு ஒரு பொருட்டே இல்ல. அங்க சின்ன விமானமா இருக்கிறதும் பெருசா கை குடுக்காது.

---

சூப்பர்சானிக்சுப்பு:

சரி, தோத்துட்டேன். ஒரே ஒரு கடைசிக் கேள்வி, அடிக்க வராதீங்க. ட்ராப் டேங்கையாவது கண்ணாடி நார்ல பண்ணலாமே? அதுக்குள்ள என்ஜினும் இல்ல ஆளும் இல்ல, வெறும் எரிபொருள்தானே. ஊடுருவிப் போயிடாதா?

---

ரெசின்கை:

இது கிண்டல் பண்ண வேண்டிய கேள்வி இல்ல சுப்பு. நார் காம்போசிட்ல ட்ராப் டேங்க் பண்றது புதுசும் இல்ல. ஆனா உள்ள வெறும் எரிபொருள் மட்டும் இருக்காது. எரிபொருள் முன்னும் பின்னும் அலம்பாம இருக்க தடுப்புத் தகடு, உறிஞ்சுற குழாய், வால்வு, அளவு காட்டுற கம்பி, பைலான்ல மாட்டுற இடத்துல கனமான உலோக வளையம். தோல் ஊடுருவினா அதெல்லாம் தெரியும். அதையும் முடிஞ்சவரைக்கும் பிளாஸ்டிக்ல பண்ணாலும், மேல இருக்கிற பைலானும் அதுக்குள்ள இருக்கிற கழட்டி விடுற மெஷினும் ஸ்டீல்தான்.

---

அலைவரிசை:

எரிபொருள் பக்கம் சுப்புவுக்குச் சாதகம்தான். கெரசின் வகை எரிபொருளோட டைஎலக்ட்ரிக் எண் (காத்துல இருந்து மின் குணம் எவ்ளோ மாறுதுன்னு சொல்ற எண், காத்துக்கு 1) 2.1 சுத்தி, தண்ணிக்கு இருக்கிற மாதிரி 80 எல்லாம் இல்ல. எரிபொருள் பரப்புல நேரா படுற அலையில 3 சதவீதம் சொச்சம்தான் திரும்பும். ஆனா பைலான் இறக்கையோட சேர்ற மூலை அங்கேயேதான் இருக்கும், டேங்கைக் கழட்டி விட்ட பிறகும்.

---

அரைகுறைஆர்வலர்:

எல்லாருக்கும் நன்றி. மச்சான் இப்போ பழைய மீன் தூண்டிலோட கார்பன் கம்பைத் தேய்ச்சுக்கிட்டு மல்டிமீட்டர் எங்கன்னு கேக்குறான். கத்துச்சான்னு வந்து சொல்றேன்.

---

தெர்மல்தேடி:

ஓரத்துல தேய்க்கச் சொல்லுங்க, மேல இருக்கிற வார்னிஷ் மேல வெச்சா கத்தாது, அப்புறம் "பாத்தியா ஊடுருவுது"ன்னு திரும்ப ஆரம்பிச்சுருவான். தூசி மூக்குல போகாம துணி கட்டிக்கச் சொல்லுங்க, ரெண்டு நாளைக்கு கை அரிக்கும்.